கோடிகளின் ஆட்டமும் அரூர் வெள்ளமும்

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐ.பி.எல். மெகா ஏலம் நடந்தது. ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு லக்னோவுக்குப் போனார். எங்கள் தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை, சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 10.75 கோடிக்கு டெல்லிக்குப் போனார். 1965 அக்டோபர் வரை தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்த பூமிதானே, நடராஜனை இங்குள்ளவர்கள் வேற்றூர்க்காரராக நினைப்பதில்லை. ‘நம்ம பையன்’ என்றுதான் பேச்சு.

அந்த வாரக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. எல்லோர் கண்ணும் கடற்கரையில் இருக்க, புயலோ வலுவிழந்த பிறகும் மெல்ல நகர்ந்து, கடல் வாடையே படாத ஊர்களில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ., நம் தருமபுரி மாவட்டத்து அரூரில் 33 செ.மீ. ஆண்டு முழுக்கப் பெய்தாலும் சராசரி ஒரு மீட்டரைத் தொடாத வறட்சி மாவட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் விழுந்தது. ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் உருண்டு போன காட்சி நாடு முழுக்கப் பரவியது. அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டிலும் நெல் வயலிலும் நின்ற தண்ணீருக்கு அப்படி ஒரு வீடியோ வாய்க்கவில்லை.

அடுத்த நாள் முதல்வர் நிவாரணத் தொகைகளை அறிவித்தார். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், சேதமான குடிசைக்கு 10,000, பாசன நெல்லுக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500, செத்துப்போன மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் ரொக்கம் என்ற அறிவிப்பில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி இருந்தன. தருமபுரி இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் டீக்கடை பெஞ்சில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. “அவ்ளோ கோடி வாங்குறானுங்களே, ஒரு கோடி குடுத்தா என்ன கொறஞ்சா போயிடும்?” நியாயமான கேள்வியாகத்தான் காதில் விழுகிறது. நடராஜனின் ஒரு பருவச் சம்பளத்தில் ஏறக்குறைய 2,866 மாடுகளுக்கு நிவாரணம் தரலாம் என்று கணக்குப் போடவும் முடியும். நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஜெட்டாவில் இரண்டு நாளில் 182 வீரர்களுக்காகப் பத்து அணிகளும் செலவிட்ட மொத்தத் தொகை 639.15 கோடி. டிசம்பர் 2 அன்று முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன குடும்பங்கள் 69 லட்சம். அந்த 182 பேரும் ஒரு ரூபாய்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மொத்தத்தையும் இங்கே கொட்டினாலும் குடும்பத்துக்கு 926 ரூபாய்தான் வரும். முதல்வர் உடனடித் தேவையாகக் கேட்டது 2,000 கோடி. மொத்த ஏலப் பணமும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு எட்டவில்லை. ஒன்றிய அரசு டிசம்பர் முதல் வாரத்தில் மாநிலப் பேரிடர் நிதிக்கான தன் பங்கு 944.80 கோடியை விடுவித்தது. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522.34 கோடி ஒப்புதலாக அடுத்த ஏப்ரல் ஆகிவிட்டது. பேரிடரைச் சமாளிக்கும் பணம் வரிப்பணம்தான். எந்த விளையாட்டு வீரரின் காசோலையும் அதற்கு ஈடாகாது.

அதனால் வீரர்கள் எதுவும் தர வேண்டாம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

சினிமாக்காரர் தருகிறார், கிரிக்கெட்காரர் ஏன் இல்லை?

ஃபெஞ்சலுக்கு நடிகர் சிவகார்த்திகேயன் 10 லட்சம் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு மிக்ஜாம் வெள்ளத்துக்கு சூர்யாவும் கார்த்தியும் 10 லட்சம். கொரோனா இரண்டாம் அலையில் அவர்கள் குடும்பம் ஒரு கோடி, அஜித் 25 லட்சம். புயல் என்றால் முதல்வர் நிவாரண நிதிக்கு நடிகர் வருவார், பூங்கொத்தும் காசோலையுமாகப் படம் வரும். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே தமிழ்நாட்டில் இது ஒரு சடங்கு மாதிரி நிலைத்துவிட்டது.

கிரிக்கெட்காரருக்கு அந்தச் சடங்கு பழக்கத்தில் இல்லை. கருணை குறைவு என்று நான் நினைக்கவில்லை. நடிகருக்குப் படம் ஓட வேண்டியது அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும். டிக்கெட் வாங்குபவர் இந்த ஊர் ஆள். நடராஜன் விளையாடியதோ பஞ்சாபுக்கும் ஹைதராபாத்துக்கும் டெல்லிக்கும். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவுக்கு, சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் குஜராத்துக்கு. இவர்களுக்குச் சம்பளம் தருவது வேறு மாநிலத்து அணி, அந்த அணிக்குப் பெரும்பணம் வருவது ஒளிபரப்பு உரிமையிலிருந்து. சொந்த ஊர் மக்கள் கைதட்டலாம், அவர்கள் காசில் இவர்கள் பிழைப்பு ஓடவில்லை. நன்றிக்கடன் என்கிற கயிறு அங்கே மெலிந்துவிடுகிறது.

இன்னொன்று, ஏலத்தில் அறிவிக்கும் தொகை அப்படியே வங்கிக் கணக்கில் விழுவதில்லை. புதிய வரிமுறையில் உச்சத்தில் இருப்பவருக்கு வருமான வரி கூடுதல் கட்டணத்தோடு சேர்த்து 39 சதவீதம். அந்த முறையில் நிவாரண நிதிக்குக் கொடுத்தாலும் நன்கொடைக்கான வரிவிலக்கு கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்குத்தான் முதல்வர் நிதிக்குத் தந்த பணத்துக்கு முழு விலக்கு உண்டு. அப்புறம் உடம்பு. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமான நடராஜன், அடுத்த சில மாதங்களில் முழங்கால் அறுவைச் சிகிச்சை மேசையில் கிடந்தார். தாய் சாலையோரம் கோழிக்கறிக் கடை வைத்தவர், தந்தை தறிக்கூலி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவருக்கு இந்தப் பத்து வருடச் சம்பாத்தியம்தான் மூன்று தலைமுறைக்கு. ரஞ்சி ஆடுபவருக்கு நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய், அதுவும் அணியில் இடம் கிடைத்த நாட்களுக்கு மட்டும். கோடீஸ்வர வீரர்கள் என்று நாம் சொல்கிற கூட்டம் மிகச் சிறியது.

அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்திலும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், நமக்கு மிக அருகிலேயே. தொப்பூர் கணவாயைத் தாண்டித் தீவட்டிப்பட்டிப் பக்கம் போனால் பெரியவடகம்பட்டி. மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது, பரிசுப் பணத்திலிருந்து 30 லட்சம் ரூபாயைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதாகச் செய்தி வந்தது. காய்கறி விற்ற தாயின் மகன். மகனின் சிகிச்சைக்கு வாங்கிய கடனை அந்தக் குடும்பம் பல காலம் கட்டிக்கொண்டிருந்தது. நடராஜனும் தன் ஊரில் கிரிக்கெட் மைதானம் அமைத்தார், 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். இவை பேரிடர் நிவாரணம் அல்ல, சரி. ஆனால் ஊருக்குக் கொடுத்தாயா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு ஊருக்கும் ஒரு நடை போய்வந்த பிறகு கேட்கலாம்.

சிமென்ட் மூட்டையைக் கூலியாகக் கேட்டவர்

கொடுப்பது எப்படி என்று ஒருவரிடம் பாடம் கேட்க வேண்டுமானால் நான் இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனிடம்தான் போவேன். தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்தின் பேரன், கண்டிக்காரர். 2004 டிசம்பர் 26 காலை அவர் போக வேண்டிய இடம், இலங்கையின் தெற்குக் கரையில் சீனிகம என்ற சிங்கள மீனவர் ஊர். அங்கே அவருடைய மேலாளர் குஷில் குணசேகர நடத்திய அறக்கட்டளையின் பரிசளிப்பு விழா. முரளி கிளம்பத் தாமதம். அந்த இருபது நிமிடத் தாமதம்தான் அவர் உயிரைக் காத்தது. சீனிகமவுக்குப் பக்கத்தில் பெரலியவில் ஒரு ரயிலே சுனாமி அலையில் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அடுத்து அவர் செய்தது நம் ஊர்ப் பிரபலங்கள் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டு அமைப்புகள் விமானத்தில் உணவைக் கொண்டுவந்து இறக்கின. அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க வண்டி வேண்டுமே. ஐ.நா. உலக உணவுத் திட்டத்தோடு சேர்ந்து, தலா பத்து லாரிகள் கொண்ட மூன்று அணிவகுப்புகளைத் தன் செலவில் ஏற்பாடு செய்தார். துணிமணி தரக்கூடியவர்களிடம் பேசித் துணி வாங்கினார், விநியோகத்தைத் தானே நின்று மேற்பார்த்தார். வீடு கட்டும் கட்டம் வந்தபோது நாட்டில் சிமென்ட் தட்டுப்பாடு. முரளி லஃபார்ஜ் சிமென்ட் நிறுவனத்தின் விளம்பரத்தில் நடிக்க ஒப்பந்தம் போட்டார். சம்பளம் பணமாக அல்ல, சிமென்டாக. மூட்டைகள் நேராக அறக்கட்டளைக்குப் போயின. மூன்றே ஆண்டுகளில் அந்த அறக்கட்டளை 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி வீடுகள், பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள் கட்டியது.

தேவை எங்கே முட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் தன் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். உணவு இருந்தது, லாரி இல்லை, லாரி கொடுத்தார். பணம் இருந்தது, சிமென்ட் இல்லை, சிமென்ட் வாங்கினார். சிங்களர் தமிழர் என்று நாடு பிளந்து கிடந்த காலத்தில் ஒரு தமிழர் இதைச் சிங்கள மீனவர் ஊருக்குச் செய்தார் என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும். 

அதே சுனாமிக்கு கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஒரு கோடி டாலர் தருவதாக ஜெர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின்போது அறிவிப்பு வந்தது. அன்றைக்குச் சில நாடுகள் தந்ததைவிட அதிகம். அதையும் குறைத்துப் பேசமாட்டேன். 2005 ஜனவரி 10 அன்று மெல்பர்னில் உலக அணியும் ஆசிய அணியும் மோதிய நிதி திரட்டும் ஆட்டத்துக்கு 70,000 பேர் வந்தார்கள். டிக்கெட், ஒளிபரப்பு, நன்கொடை எல்லாம் சேர்ந்து பெரும் தொகை திரண்டது. அங்கே கொடுத்தது தனியொரு வீரர் இல்லை, ஆட்டமே கொடுத்தது.

வாரியம் என்கிற தரும ஸ்தாபனம்

நம் நாட்டில் ஆட்டம் யாருடையது? இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. அது ஒரு கம்பெனி அல்ல, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம். ஆமாம், நம் ஊர் மகளிர் மன்றமும் நற்பணி மன்றமும் பதிவாகும் அதே சட்டம். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போனது. ஆண்டுக்குச் சராசரி 9,600 கோடிக்கு மேல். இந்த ஐ.பி.எல். வருமானத்துக்கு வரி கட்ட வேண்டுமா என்ற வழக்கில், கிரிக்கெட்டை வளர்ப்பதே வாரியத்தின் நோக்கம், அறநிறுவனத்துக்குரிய விலக்கு அதற்கும் உண்டு என்று மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2021-ல் சொன்னது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் 39 சதவீத வரி கட்டிவிட்டு மிச்சத்தில் ஊருக்கு மைதானம் அமைத்தவரிடம் போய், வெள்ளத்துக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்கிறோம். அறநிறுவனம் என்ற தகுதியில் வரிவிலக்கு கேட்கும் அமைப்பிடம் கேட்பதில்லை. 2020-ல் வாரியம் பி.எம். கேர்ஸ் நிதிக்கு 51 கோடி தந்தது உண்மை. 2024-ல் டி20 உலகக் கோப்பை வென்ற அணிக்கு அதே வாரியம் கொடுத்த பரிசு 125 கோடி. மனம் வைத்தால் கை எவ்வளவு நீளும் என்பதற்கு அந்தப் பரிசே சான்று. ஆண்டுதோறும் பேரிடருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான ஒதுக்கீடு வைப்பது அதற்குச் சிரமமே இல்லை.

அணி முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. 2016-ல் மராட்டியம் வறட்சியில் தவித்தபோது ஆடுகளத்துக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று மும்பை உயர் நீதிமன்றம் கேட்டது. மும்பை, புனே அணிகள் முதல்வர் வறட்சி நிதிக்குத் தலா 5 கோடி தர முன்வந்தன. ஆனாலும் நீதிமன்றம் ஏப்ரலுக்குப் பிறகான ஆட்டங்களை வேறு மாநிலத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டது. நீதிபதிகள் கேட்டதால் வந்த தருமம் அது. கேட்காமலும் வந்ததுண்டு: 2021 கொரோனா அலையில் சென்னை அணி தமிழ்நாட்டுக்கு 450 ஆக்சிஜன் செறிவூட்டிகளைத் தந்தது. மருத்துவமனை வாசலில் மூச்சுக்குத் தவித்த அந்த மே மாதத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போது உறவைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் பணம் எதிர்த்திசையில்தான் ஓடுகிறது. அரூர் வெள்ளத்துக்குப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலகச் செஸ் சாம்பியன் ஆனார். மாநில அரசு அவருக்கு 5 கோடி கொடுத்தது. பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற நம் வீரர்களுக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் மொத்தமாக 5 கோடி. நான் இதைக் குறை சொல்லவில்லை. துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் போன்றவர்களுக்கு இந்தப் பணம் வாழ்க்கைக்கான ஆதாரம். ஆனால் வெற்றிக்குக் கோடி, குடிசைக்குப் பத்தாயிரம் என்று இரண்டு அறிவிப்புகளும் ஒரே மாதத்துச் செய்தித்தாளில் வரும்போது மரவள்ளிக் காட்டுக்காரருக்கு எரியாமல் இருக்குமா? அந்த எரிச்சல் வீரர்மேல் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

வசை பாடி வாங்கும் தருமம்

2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது, தோனி புனேயில் நூறு குடும்பங்களுக்கு உதவ ஒரு லட்சம் கொடுத்தார் என்று செய்தி பரவியது. அவர் சொத்து இவ்வளவு, கொடுத்தது ஒரு லட்சமா என்று சமூக ஊடகத்தில் கிழித்தார்கள். பொய்ச் செய்தி போடாதீர்கள் என்று அவர் மனைவி பதில் எழுத வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு கொல்கத்தா அணிக்கு ஆடிய ஆஸ்திரேலியர் பேட் கம்மின்ஸ் இந்தியாவின் கொரோனா நிவாரணத்துக்கு 50,000 டாலர் அறிவித்ததும், வெள்ளைக்காரனே கொடுக்கிறான் உங்களுக்கு என்ன என்று இந்திய வீரர்களை நோக்கி அடுத்த சுற்று வசை. இப்படித் திட்டி வாங்கும் பணம், திட்டு நின்றதும் நின்றுவிடும். 2020-ல் கவாஸ்கர் 59 லட்சம் கொடுத்ததை அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்கு அடித்த 35 சதத்துக்கு 35, மும்பைக்கு அடித்த 24-க்கு 24 என்ற விளக்கமும் மற்றவர் சொல்லித்தான் தெரிந்தது.

பணத்தைவிட வீரர்களிடம் வேறொன்று அதிகம் இருக்கிறது: குரல். இங்கிலாந்தில் 2020 ஜூனில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு உதவியை நிறுத்தாதீர்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். பள்ளி உணவில் வளர்ந்த பையன். அரசு முதலில் மறுத்தது, இரண்டு நாளுக்குள் பணிந்தது. 13 லட்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது. அவர் சொந்தப் பணத்தில் அத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்க முடியாது. நம் வீரர்களோ பிஸ்கட்டுக்கும், 2025-ல் தடை வரும்வரை ஆன்லைன் சூதாட்டச் செயலிக்கும் வாயைத் திறந்தார்கள், அரசிடம் ஒரு வார்த்தை கேட்கத் திறக்கவில்லை. மூன்று மாவட்டத்துக்குத் தந்த இரண்டாயிரத்தைத் தருமபுரிக்கும் கொடுங்கள் என்று ஒரு நட்சத்திர வீரர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், அது ஒரு கோடி ரூபாய் காசோலையைவிட இந்த மாவட்டத்துக்குப் பயன்பட்டிருக்கும்.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். அரூருக்குத் தெற்கே சித்தேரி மலைக்கு அந்தப் புறம் வாழப்பாடி. அங்கே தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்கள் நடக்கும் தரமான மைதானம் இருக்கிறது. சேப்பாக்கம் மைதானம் இருப்பதோ அரசு நிலத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் குத்தகைக்கு வைத்திருக்கிறது. நடிகர் சங்கக் கட்டடம் கட்டுவதற்காக 2016-ல் நடிகர்கள் அதே சேப்பாக்கத்தில் நட்சத்திரக் கிரிக்கெட் ஆடினார்கள். கட்டடத்துக்கு ஆட முடியுமென்றால் குடிசைக்கு ஆட முடியாதா? ஆண்டுக்கு ஓர் ஆட்டம் வாழப்பாடியில், ஓர் ஆட்டம் சேப்பாக்கத்தில். இரண்டின் மொத்த வசூலும் ஒரு தனிக் கணக்குக்குப் போகட்டும், வரவு செலவை ஊரறிய வெளியிடட்டும். புயலுக்கு மட்டுமில்லாமல், மழை பொய்த்து ஆடு மாடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் வருடங்களுக்கும் அதிலிருந்து எடுக்கட்டும். வறட்சிக்கு யாரும் காசோலையோடு படம் எடுத்துக்கொள்வதில்லை. தருமபுரியை அதிகம் அடிப்பது அதுதான்.

கிரிக்கெட் சங்கத்தார் செவிசாய்ப்பார்களா என்பது நம் கையிலும் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு டிக்கெட் வாங்கும்போது நடராஜனின் சம்பளத்தைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ‘குடிசைக்கு ஆட முடியாதா’ என்ற கேள்வியை ஒரு கடிதமாக எழுதித் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு அனுப்புங்கள்.